மன்னாரில் இரண்டு நாள்: வவுனியாவிலிருந்து முதல்முறை போவோருக்கு

மன்னார் சின்ன ஊர்தான். ஆனால் வெயிலையும் கோயில் நடை நேரத்தையும் பார்க்காமல் போனால் இரண்டு நாளும் வீணாகிவிடும். பலர் பத்து மணிக்கு ஆறுதலாகப் போய் இறங்கி, உச்சி வெயிலில் கோட்டை மதிலில் ஏறி, மூன்று மணிக்குச் சாத்திய கோயில் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இடங்களின் வரிசை சரியாக இருந்தால் மற்றதெல்லாம் இலகு.

முதலில் மாதம். தை, மாசிதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெளிநாட்டுப் பறவைகள் இன்னும் நிற்கும், பனங்கிழங்கும் கிடைக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் கண்ணெல்லாம் மண். சிவராத்திரிக்கும் ஓகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதா திருவிழாவுக்கும் அறை கிடைப்பது கஷ்டம். கூட்டத்துக்காகவே போகிறவர்கள் மட்டும் அப்போது போகலாம்.

பயணம். வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே பஸ் ஏறுங்கள். ரயிலில் போவதென்றால் மதவாச்சியில் மாற வேண்டும், வவுனியாக்காரருக்கு அது வீண் சுற்று. கிளிநொச்சிப் பக்கத்தவர்கள் பரந்தன், பூநகரி வழியாக ஏ32 வீதியைப் பிடிக்கலாம். பூநகரிக் கோட்டையையும் அப்படியே எட்டிப் பார்த்துவிடலாம். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி, அடி தடித்த செருப்பு கட்டாயம். தீவில் பல கிணறுகள் உவர்.

சனி, மதியத்துக்கு முன்: திருக்கேதீச்சரம் சிவன் கோயில். பையை அறையில் போட்டுவிட்டு ஓட்டோ பிடியுங்கள். திரும்பி வருவதற்கும் சேர்த்து, காத்திருக்கும் நேரத்தோடு கூலியை முதலே பேசிவிடுங்கள், அங்கே நின்று வேறு வண்டி தேடுவது பாடு. உச்சிக்காலப் பூசைக்குப் பிறகு நடை சாத்தினால் பின்னேரம்தான் திறப்பார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது. சம்பந்தர் பாடிய மாதோட்டத்தில், அதாவது இங்கிருந்த பழைய துறைமுகப் பட்டினத்தில், பூம்பொழிலும் ஆடும் மயிலும் உண்டு. இன்று சுற்றிலும் காய்ந்த தரையும் முட்பற்றையும்தான். பாலாவித் தீர்த்தக் கரையில் கொஞ்ச நேரம் இருந்தால் அந்தப் பழைய துறைமுகப் பட்டினத்தை ஓரளவு கற்பனை செய்யலாம்.

பின்னேரம் நாலு மணி: பெருக்கமரம். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், வெளியில் திரியாதீர்கள். வெக்கை தணிந்ததும் பள்ளிமுனைக்குப் போகலாம். அராபிய வணிகர் கொண்டுவந்த ஆபிரிக்க மரம் என்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஆனைப்புளி என்று பெயர். காய்க்குள் இருக்கும் வெள்ளை மாச்சதை புளிக்கும். உயரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், இதன் சிறப்பு பருமனில். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், பன்னிரண்டு பேர் கைகோத்து நின்றால்தான் சுற்றி வளைக்கலாம். பட்டை யானைத்தோல் போலச் சாம்பல் நிறம். கிட்டப் போனால் கொழுப்பு மடிந்த மாதிரி மடிப்பு மடிப்பாகத் தெரியும். மழைத்தண்ணீரை உள்ளே தேக்கி வைப்பதால்தான் இந்தப் பருமன். வரட்சியில் இலை முழுவதும் உதிர்ந்து நிற்கும், பட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பெயர் கீறாதீர்கள்.

அங்கிருந்து நேரே கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. கேதீச்சரத்தை இடித்த கல்லில் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. நாலு மூலையிலும் கொத்தளம், உள்ளே கூரையில்லாத தேவாலயம். மதிலில் கைபிடி இல்லை, புல்லுக்குள் நெருஞ்சி வேறு, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். சொந்த வாகனத்தில் வந்தவர்கள் ஊருக்குள் மெதுவாக ஓட்டுங்கள்: மன்னார்க் கழுதைகள் றோட்டின் நடுவில் நிற்கும், ஹோர்ன் அடித்தாலும் அசையாது.

ஞாயிறு, காலை ஆறு மணி: தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி. தள்ளாடிப் பக்க முனையிலிருந்து ஊரை நோக்கி நடந்து வாருங்கள். வெயில் முதுகில் விழும், பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் எதிர்வெயில், எல்லாம் கறுப்பு நிழல்தான். பூநாரைகள் தூரத்தில்தான் மேயும், தொலைநோக்கி இல்லாவிட்டால் இளஞ்சிவப்புக் கோடு மட்டுமே தெரியும். கிட்டப் போகிறேன் என்று சேற்றில் இறங்கினால் கால் முழங்கால் வரை புதையும், பறவையும் எழும்பிவிடும்.

பிறகு இரண்டு ஊர்களில் ஒன்றே ஒன்று. அரிப்பா, தலைமன்னாரா? இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்துத்தான் கடைசி பஸ்ஸை விடுகிறார்கள். தலைமன்னாரில் இறங்குதுறையும் வெளிச்சவீடும் உண்டு. ஆனால் எங்கள் தெரிவு அரிப்பு. முத்துக்குளிப்பை மேற்பார்க்க பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. தலைமன்னார் அடுத்தமுறையும் இருக்கும். அரிப்பு மாளிகையின் விளிம்பில் மண் பொருபொரு என்று உதிரும், செல்பிக்காக அங்கே நிற்க வேண்டாம்.

வவுனியாவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சனிக்கிழமை இறங்கிய உடனேயே பஸ் நிலையத்தில் கேட்டு வையுங்கள். கருவாடு வாங்குவதென்றால் இரண்டு பையில் சுற்றித்தரச் சொல்லுங்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரும் மனிதர்தானே.