புது ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கிறீர்களா? எலுமிச்சை நசுங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

டெலிவரி நாளன்று காரை யாரும் பார்ப்பதில்லை. பட்டுத்துணியை விலக்குவார்கள், கைதட்டுவார்கள், பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுப்பார்கள். அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்பார், அண்ணன் மகன் ஹாரனை அடித்துக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் குனிந்து பம்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது. பார்த்து ஒரு கீறலைக் கண்டுபிடித்தாலும், "நல்ல நாளும் அதுவுமா" என்று வாயை மூடிக்கொள்வோம்.

ஆகவே காரைச் சோதிக்கும் நாள் வேறு, வாங்கிக்கொள்ளும் நாள் வேறு. முதல் முறையாக ஸ்போர்ட்ஸ் கார் எடுப்பவர்களுக்காக, நண்பர்களோடு துணைக்குப் போய்க் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உதாரணத்துக்குச் சென்னையில் பிஎம்டபிள்யூ எம்2 எடுப்பதாக வைத்துக்கொள்வோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அந்த நிறுவனத்துக்கு ஆலை இருந்தாலும், எம்2 அங்கே உருவாவதில்லை. மெக்சிகோவின் சான் லூயிஸ் பொடோசி ஆலையில் முழுதாகத் தயாராகிக் கப்பலேறி வருகிறது. கீழே சொல்லும் பல தொல்லைகளுக்கு இந்த நீண்ட பயணம்தான் வேர்.

படி 1: பதிவுக்கு முன்பே போய்ப் பாருங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதையெல்லாம் மறந்தாலும் பாதிக் கிணறு தாண்டிவிடுவீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் 2019-இல் வந்த திருத்தப்படி, மாநிலத்துக்குள் விற்கும் புது வண்டிக்கு விற்பனையாளரே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவெண் பொருத்தும்வரை வண்டியை உங்களிடம் ஒப்படைக்கக் கூடாது. அதாவது டெலிவரி நாளில் நீங்கள் பார்க்கும் கார் ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள்கால வரி 20 சதவீதம். 1 கோடி ரூபாய் கார் என்றால் 20 லட்சம் அரசுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு "வேறு வண்டி கொடுங்கள்" என்று கேட்டால் ஷோரூம்காரர் என்ன செய்வார்? பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பார். வேறு வழி அவருக்கும் இல்லை.

எனவே முன்பணம் கட்டும்போதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்: "சேசிஸ் எண் ஒதுக்கியதும் யார்டில் காரை நேரில் பார்ப்பேன். நான் ஒப்புதல் எழுதித் தந்த பிறகே மீதிப் பணமும் பதிவும்." சேசிஸ் எண் என்பது ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்; யார்டு என்பது ஷோரூம்காரர் கார்களை நிறுத்திவைக்கும் இடம். விற்பனைப் பிரதிநிதி முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: நான் வரும்வரை காரைக் கழுவ வேண்டாம், அன்று காலை என்ஜினை இயக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

படி 2: எண்களை ஒப்பிடுங்கள்

சேசிஸ் எண் 17 இலக்கம். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தெரியும் எண்ணும் இன்வாய்ஸில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்க்க வேண்டும். தயாரித்த மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றான 21-ஆம் படிவத்தில் இருக்கும். இறக்குமதிக் காருக்குச் சில மாத வயது இயல்பு. போன வருடத்துக் கார் என்றால் அதற்கேற்ற தள்ளுபடியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

படி 3: பெயின்ட்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை வெயில் நல்லது. ஷோரூம் விளக்கில் எந்தக் காரும் அழகிதான்.

கழுவ வேண்டாம் என்றதன் காரணம் இங்கே. யார்டில் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பத்துக் கார். தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமான மெல்லிய கீறல்கள் விழும். கறுப்பு, கருநீலக் கார்களில் அது வாழ்நாள் உறுத்தல். முதல் கழுவலை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள், அல்லது பாதுகாப்புப் படலம் ஒட்டுபவரிடமே விட்டுவிடுங்கள்.

கழுவிய பிறகு ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கைக்குள் மாட்டிக்கொண்டு பானட்டின்மேல் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத நறநறப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் துல்லியமாகத் தெரியும். பானட் முழுக்க ஒரே சீராக இருந்தால் பயணத் தூசி. சுத்தம் செய்தால் போய்விடும். ஒரே ஒரு கதவில் மட்டும், அதுவும் ரப்பர் விளிம்பை ஒட்டி நறநறத்தால் அங்கே பிற்பாடு பெயின்ட் அடித்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியை இரவல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆலையில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். சுற்றிலும் 110, 115 என்று காட்டிக்கொண்டு வந்த கருவி ஒரு இடத்தில் 250 என்றால், அங்கே ஒரு கதை இருக்கிறது. கூரை கார்பன் ஃபைபர் என்றாலும் பம்பர்கள் பிளாஸ்டிக் என்றாலும் சாதாரணக் கருவி அங்கே வேலை செய்யாது, பதற வேண்டாம்.

பானட்டைத் திறந்து, ஃபெண்டரை (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை) பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையையும் பாருங்கள். ஸ்பேனர் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிகளில் அச்சிட்ட நிறுவன முத்திரை எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

படி 4: தரையில் படுங்கள்

சாதாரணக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் சோதனையில் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். முன் பம்பரின் அடி விளிம்பான தாழ்வான முன் உதடு. கப்பலில், லாரியில், யார்டின் சரிவுப் பாதையில் ஏற்றி இறக்கும்போது முதலில் உரசுவது அதுதான். நின்றபடி பார்த்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். மேலே எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. கைப்பேசியை வீடியோவில் வைத்து, விளக்கைப் போட்டு, பம்பருக்கு அடியில் இடமிருந்து வலமாக நகர்த்தினேன். திரையில் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் வெள்ளையாகச் சீவப்பட்டு, ஒரு கிளிப் தொங்கிக்கொண்டிருந்தது. "அது அப்படித்தான் சார் வரும்" என்றார் அங்கிருந்தவர். பக்கத்தில் நின்ற அதே மாடலின் அடியிலும் கைப்பேசியை நீட்டினேன். அதில் கிளிப் ஒழுங்காக மாட்டியிருந்தது. அவர் அதற்குமேல் பேசவில்லை. புது உதடு மாட்டிய பிறகுதான் நண்பர் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் காரைப் போல வாதத்துக்கு உதவும் சாட்சி வேறில்லை.

சில மாடல்களில் பயணத்தின்போது கார் ஆடாமலிருக்கச் சுருள்வில்லுக்குள் கட்டைகளைச் செருகி அனுப்புவார்கள். எடுக்க மறந்தால் கார் மாட்டுவண்டி போலக் குலுங்கும்; உரிமையாளரோ ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். சக்கர இடைவெளியில் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 5: டயரும் பிரேக்கும்

டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி 4 இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயர்களின் தேதிகளும் அருகருகே இருக்க வேண்டும். எம்2-வில் முன்னால் 19 அங்குலம், பின்னால் 20 அங்குலம். முன்னுக்குப் பின் மாற்றிப் போட முடியாது. ஜெர்மன் நிறுவனங்கள் தங்களுக்கென அங்கீகரித்த டயரில் தனிக் குறி இருக்கும்: பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், போர்ஷேவுக்கு என் என்ற எழுத்தோடு ஓர் எண்.

கப்பலில் வரும்போது காற்றைக் கூடுதலாக அடைத்திருப்பார்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் குறைத்தாயிற்றா என்று கேட்டு, கருவி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சக்கர விளிம்பில் உரசல், பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு இரண்டையும் பாருங்கள். கழுவியதும் வரும் செந்நிறத் துரு நாலு பிரேக்கில் போய்விடும். கார்பன் செராமிக் டிஸ்க் வாங்கியிருந்தால் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். அதன் விலைக்கு ஒரு சின்னக் காரே வாங்கலாம்.

படி 6: குளிர்ந்த என்ஜின்

முதலில் பேட்டரி. இயக்குவதற்கு முன் 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது. 12.2-க்குக் கீழே என்றால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்திருக்கிறது, புதிதாகக் கேளுங்கள்.

பிறகு இயக்குங்கள். அன்று காலை இயக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். குளிர்ந்த நிலையில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுழலும் எண்ணிக்கை) ஏறி நின்று கொஞ்ச நேரத்தில் இறங்கும், அது இயல்பு. எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து அணைய வேண்டும். எம்2-வில் எண்ணெய் பார்க்கும் கம்பியைத் தேடாதீர்கள், கிடையாது. என்ஜின் சூடானதும் திரையில் அளவைக் காட்டும். சில வசதிகள் வேலை செய்யவில்லையென்றால் கார் இன்னும் 'டிரான்ஸ்போர்ட் மோட்' என்ற பயண நிலையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடிய தூரத்தைப் படம் எடுத்து வையுங்கள். இரண்டாவது சாவி, பஞ்சர் கருவி, இழுவைக் கொக்கி எல்லாம் இருக்கிறதா என்பதோடு இந்தப் படி முடிந்தது.

படி 7: காகிதங்கள்

10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பான் எண் சரியா என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குக் கட்டாயம். சொந்தச் சேதக் காப்பீட்டில் என்ஜின் பாதுகாப்பைச் சேர்க்காமல் விடாதீர்கள். டிசம்பர் மழையில் வேளச்சேரியைப் பார்த்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. இவ்வளவு தாழ்வான காருக்கு முழங்கால் தண்ணீரே கடல்.

படி 8: இப்போது பூஜை

தாராளமாகச் செய்யுங்கள். தேங்காயை மட்டும் பத்தடி தள்ளி உடையுங்கள். ஓட்டுச் சில்லு தெறித்துப் புது பெயின்ட்டில் பட்டதை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள், குங்குமத்தை வெள்ளைக் காரின் பானட்டில் பூசி வெயிலில் விட்டால் கறை இறங்கும். நம்பர் பலகையில் ஒரு பொட்டு வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழம் சின்னதாக இருக்கட்டும்.

ஷோரூமில் ஊற்றித் தரும் பெட்ரோல் பக்கத்து பங்க் வரைக்கும்தான். எரிபொருள் மூடியின் உட்புறம் எந்த ஆக்டேன் என்று எழுதியிருக்கும். எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்க் எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். வெளியேறும் சரிவில் நேராக இறங்காமல் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக இறக்குங்கள்.

எம்2-வுக்கு முதல் 2,000 கிலோமீட்டர் வரை 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் போகக் கூடாது. அந்தத் தூரம் முடிந்ததும் என்ஜின் எண்ணெயோடு பின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பாகம்) எண்ணெயையும் மாற்றும் சர்வீஸ் உண்டு. பில்லில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.