கான்ட்ரா விளையாட கேசட் தேட வேண்டாம்

கான்ட்ரா மாதிரி பழைய வீடியோ கேம் வேண்டுமென்றால் கோவை காந்திபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்காதீர்கள்; வீட்டில் இருக்கும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் எதுவானாலும் அதன் ஸ்டோரில் தொகுப்பாகவே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். 2019-ல் வந்த கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷனில் 1987-ன் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் மெஷின்) கான்ட்ராவோடு சேர்த்து 10 ஆட்டங்கள். விஷ்லிஸ்டில் போட்டுவைத்து, சலுகை வரும்போது வாங்குங்கள்.

பெரிய லாபம், நினைத்த இடத்தில் சேவ் செய்துகொள்ளலாம். அருவியில் தாவித் தாவி ஏறும் கட்டத்தில் மூன்று உயிரும் போனாலும், முதலில் இருந்து ஓட வேண்டியதில்லை. கேசட்டில் இந்த வசதி கிடையாது. அதன் அடியில் இருக்கும் உலோகப் பின்களும் நாளாக ஆகக் கறுத்துவிடும். (நாம் ஊது ஊது என்று ஊதினோமே, அந்த எச்சில் ஈரமும் அதற்குக் கெடுதல்தானுங்க!)

ஆனால் வாத்து சுடும் துப்பாக்கி கேமுக்கு இது சரிவராது. அந்தத் துப்பாக்கி, பழைய குண்டு டிவியின் திரை மின்னுவதை வைத்துத்தான் குறி பார்க்கும். எல்இடி டிவியில் வேலை செய்யாது. அதற்கு அவிநாசி சித்தப்பா வீட்டுப் பரணில் கிடக்கும் டிவியைத்தான் இறக்க வேண்டும். அப்புறம், டவுன்லோட் செய்ததை விளையாடி முடித்தபின் பாதி விலைக்குத் தள்ளிவிட முடியாது.