உங்கள் முதல் நீராவி எஞ்சின் மாதிரி: 1829ஆம் ஆண்டின் ‘ராக்கெட்’டைக் கையால் செய்வோம்

நீராவி எஞ்சின் மாதிரி செய்ய விரும்பும் நண்பர்கள் எடுத்தவுடன் சொல்வது ஊட்டி ரயிலைத்தான். ஆசை நியாயமானது. ஆனால் நீலகிரி மலையேறும் எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன, மற்ற இரண்டு பல்சக்கரங்களை ஓட்டுகின்றன. முதல் வேலையாக அதை எடுத்தால் பாதியில் பரணுக்குப் போய்விடும்.

‘ராக்கெட்’ என்ற பழைய இங்கிலாந்து ரயில் எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். இரண்டே சிலிண்டர்கள், நான்கே சக்கரங்கள். ஓட்டுநருக்குக் கூரைகூடக் கிடையாது. அசையும் உறுப்புகள் எல்லாம் வெளியே தெரியும்படி இருப்பதால், செய்து முடிப்பதற்குள் நீராவி எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பது தானாகவே விளங்கிவிடும். இங்கே நாம் செய்யப்போவது அலமாரியில் வைக்கும் மாதிரி. நெருப்பும் நீராவியும் இதில் இல்லை. ஆனால் சக்கரத்தைச் சுற்றினால் பிஸ்டன் உள்ளே போய் வெளியே வரும். நிஜமாகவே நீராவியில் ஓடும் மாதிரிக்கு அழுத்தம் தாங்கும் கொதிகலன் வேண்டும். அது அனுபவசாலிகளின் வேலை.

1. முதலில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்

கத்தியைத் தொடும் முன் முடிவு செய்ய வேண்டியது இதுதான்: எந்த நாளின் ராக்கெட்?

1829 அக்டோபரில், லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் பாதைக்கு ஏற்ற எஞ்சினைத் தேர்ந்தெடுக்க ரெயின்ஹில் என்ற இடத்தில் போட்டி நடந்தது. பரிசு 500 பவுண்டு. நியூகாசிலில் இருந்த ராபர்ட் ஸ்டீபன்சன் நிறுவனத்தில் உருவான ராக்கெட் அதில் வென்றது. அன்று அதன் சிலிண்டர்கள் ஏறத்தாழ 38 பாகை சரிவில், பின்பக்கம் உயரத் தூக்கி நின்றன. ஓடும்போது எஞ்சின் குலுங்கியதால், சில மாதங்களிலேயே அவற்றை ஏறக்குறைய படுக்கைவாட்டுக்கு இறக்கிவிட்டார்கள். முன்பக்கம் ஒரு புகைப்பெட்டி சேர்ந்தது, புகைபோக்கி குட்டையானது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த அசல் எஞ்சின், இப்படி மாற்றப்பட்ட ராக்கெட்தான். 1979இல் கட்டப்பட்ட ஓடும் நகல் போட்டி நாளின் தோற்றத்தைக் காட்டுகிறது.

இணையத்தில் படம் தேடினால் இரண்டும் கலந்தே வரும். ஒரு படத்தின் சிலிண்டரையும் இன்னொன்றின் புகைபோக்கியையும் சேர்த்தால், எந்த நாளிலும் எந்தத் தண்டவாளத்திலும் நிற்காத எஞ்சின் ஒன்று கிடைக்கும். வரலாற்று மாதிரி என்று பெயர் வைத்துவிட்டால் இந்த ஒழுங்கை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாம் போட்டி நாளை எடுத்துக்கொள்வோம். சேகரிக்கும் படங்களில் சிலிண்டர் சரிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

2. அளவு

1:24 விகிதம் தொடக்கநிலையினருக்கு வசதி. நிஜத்தின் ஓர் அடி இங்கே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. கணக்கு மனத்திலேயே ஓடும்.

கொதிகலனின் நீளம் 6 அடி, மாதிரியில் 76 மி.மீ. அதன் விட்டம் 3 அடி 4 அங்குலம், மாதிரியில் 42 மி.மீ. முன்சக்கரம் 4 அடி 8½ அங்குலம், அதாவது 60 மி.மீ. பின்சக்கரம் சுமார் 2½ அடி, 32 மி.மீ. பிஸ்டன் போய்வரும் தூரம் ஏறக்குறைய 17 அங்குலம், 18 மி.மீ. புகைபோக்கியின் உச்சி தரையிலிருந்து 15 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது போட்டியின் விதி. ஆகவே நமக்கு உச்ச வரம்பு 190 மி.மீ.

மற்ற அளவுகளைப் பக்கவாட்டு வரைபடம் ஒன்றிலிருந்து எடுக்கலாம். முன்சக்கரம் சரியாக 60 மி.மீ. வரும்படி படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டுக்கொண்டால், பிறகு ஸ்கேலை வைத்து நேரடியாக அளந்துகொள்ளலாம்.

3. சாமான்கள்

1 மி.மீ. மற்றும் 2 மி.மீ. அட்டை, ஐஸ் குச்சிகள், 3 மி.மீ. பித்தளைக் கம்பி, குண்டூசி, மோட்டார் காயில் சுற்றும் கடையில் கிடைக்கும் தடித்த தாமிரக் கம்பி, பழைய ரேடியோவின் இழுத்து நீட்டும் ஆன்டெனா ஒன்று. பிளேடு மாற்றும் கத்தி, இரும்பு ஸ்கேல், காம்பஸ், உப்புத்தாள். அட்டைக்கும் மரத்துக்கும் வெள்ளைப் பசை, உலோகத்துக்கு இரண்டு டியூப்பைக் கலக்கும் எபாக்சி. நொடியில் ஒட்டும் பசையைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். சரிபார்த்துத் திருத்த அது நேரம் தராது.

கொதிகலனுக்கு ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு. குழாயின் வகையைப் பொறுத்து வெளிவிட்டம் 40 அல்லது 42 மி.மீ. இருக்கும். கடைக்கே ஸ்கேலைக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

4. கொதிகலனும் அடுப்பும்

குழாயை 76 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். வெட்டுமுனை நேராக இருக்க, ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி ஒட்டி, அந்த விளிம்பை ஒட்டியே அறுக்க வேண்டும். 40 மி.மீ. குழாய் என்றால் மேலே 1 மி.மீ. அட்டை ஒரு சுற்று. அட்டையைப் பூரிக்கட்டையில் உருட்டி வளைத்த பிறகே ஒட்டுங்கள், மடிப்பு விழாது. எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில்தான் உருட்ட வேண்டும். இணைப்பு அடிப்பக்கம் வரட்டும். 42 மி.மீ. குழாய்க்கு ஒரு சுற்று கெட்டிக் காகிதம் போதும்.

இரு முனைகளையும் அட்டை வட்டங்களால் மூடுங்கள். ராக்கெட்டின் உண்மையான வெற்றி இந்த உருளைக்குள்தான் இருந்தது. ஒரே பெரிய புகைவழிக்குப் பதிலாக 3 அங்குல விட்டத்தில் 25 தாமிரக் குழாய்கள் நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்குள் கொண்டுசென்றன. இந்த யோசனையைத் தந்தவர் ரயில் நிறுவனத்தின் பொருளாளராக இருந்த ஹென்றி பூத். மாதிரியில் அவை வெளியே தெரியாது, செய்ய வேண்டியதில்லை.

பின்னால் ஒட்டியிருக்கும் அடுப்புப் பெட்டியின் உயரம் 3 அடி, நமக்கு 38 மி.மீ. 2 மி.மீ. அட்டையில் பெட்டியாகச் செய்து, மேல் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வளைவாக்கிக் கொதிகலனோடு ஒட்டிவிடுங்கள்.

தகடுகளை இணைக்கும் ஆணித்தலைகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். கெட்டிக் காகிதப் பட்டையின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, 2 மி.மீ. இடைவெளியில் புள்ளி வையுங்கள். கணினி மவுஸ் வைக்கும் ரப்பர் விரிப்பின் மேல் பட்டையைக் கிடத்தி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா முனையால் ஒவ்வொரு புள்ளியையும் ஒரே அழுத்தத்தில் அழுத்துங்கள். திருப்பிப் பார்த்தால் வரிசையாக மொட்டுகள் நிற்கும். பெயின்ட் அடித்த பிறகு அவை உலோகமாகவே தெரியும். பட்டையை ஒட்டும்போது விரலால் தேய்க்காமல் ஓரத்தை மட்டும் அழுத்துங்கள்.

5. சக்கரங்கள்

இந்த மாதிரியின் அழகு முழுவதும் முன்சக்கரத்தில் இருக்கிறது. அவசரப்படாதீர்கள். நிஜத்தில் இது மரத்தில் செய்து இரும்புப் பட்டை போட்ட சக்கரம். ஆகவே ஆரங்களை மரத்திலேயே செய்வது பொருத்தம்.

காகிதத்தில் 60 மி.மீ. வட்டம் வரைந்து, வரைபடத்தில் எண்ணிய ஆரங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரித்துக் கோடுகள் போடுங்கள். அதன் மேல் இருபக்க டேப் ஒட்டுங்கள். 2 மி.மீ. அட்டையில் வெளிவிட்டம் 60, உள்விட்டம் 52 மி.மீ. என வெட்டிய வளையத்தை அதில் பதியுங்கள். நடுவில் சிறு மர வட்டம், இடையில் ஐஸ் குச்சியிலிருந்து 3 மி.மீ. அகலத்தில் சீவிய ஆரங்கள். ஒவ்வோர் ஆரத்தையும் எதிரெதிராக ஒட்டிக்கொண்டு போனால் நடு வட்டம் ஒருபக்கம் தள்ளிப்போகாது. காய்ந்ததும் டேப்பிலிருந்து உரித்தெடுத்து, பின்பக்கம் இன்னொரு வளையமும், அதற்குப் பின்னால் 62 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. அட்டை வளையமும் ஒட்டுங்கள். கடைசியாகச் சொன்ன அந்த விளிம்புதான் தண்டவாளத்தைவிட்டு நழுவாமல் சக்கரத்தைப் பிடித்துவைப்பது.

பின்சக்கரங்கள் நிஜத்தில் வார்ப்பிரும்பு. அட்டையிலேயே வெட்டி, ஓரங்களில் நீர்த்த வெள்ளைப் பசை தடவி இறுக்கினால் போதும்.

அச்சுக்கு 3 மி.மீ. பித்தளைக் கம்பி. இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கும் இடையே 56 மி.மீ. இருக்க வேண்டும். அந்த நீளத்தில் ஓர் அட்டைத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, சக்கரம் மாட்டும்போதெல்லாம் இடையில் நிறுத்திப் பாருங்கள்.

முன்சக்கரத்தின் மையத்திலிருந்து சரியாக 9 மி.மீ. தள்ளி, பிஸ்டன் தண்டை இணைக்க ஒரு குண்டூசி முளை வரும். பிஸ்டன் போய்வரும் 18 மி.மீ.இல் இது பாதி. இடது முளை நேர் மேலே இருக்கும்போது வலது முளை படுக்கைவாட்டில், 90 பாகை விலகி நிற்க வேண்டும். பிஸ்டன் அதன் பாதையின் முனையில் நிற்கும் கணத்தில் நீராவி எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் அசையாது. அந்தக் கணத்தில் மறுபக்கத்துப் பிஸ்டன் முழுவலுவோடு தள்ளி உதவும். இரண்டு முளைகளையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்த மாதிரிகளைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். பிஸ்டன்கள் பாதையின் முனையில் நின்றுவிட்டால் அந்த எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. எபாக்சி இறுகும் முன் இந்தக் கோணத்தைச் சரிபாருங்கள்.

6. சட்டமும் வில்லும்

2 மி.மீ. அட்டைப் பட்டைகளால் நீண்ட சட்டம், இடையில் குறுக்குப் பட்டைகள். வரைபடத்தின் மேலேயே வைத்து ஒட்டினால் கோணல் வராது. எஞ்சின் வில்களின் மேல் நிற்க வேண்டும் என்பதும் போட்டி விதிதான், எனவே வில்லை விட்டுவிடக் கூடாது. கெட்டிக் காகிதக் கீற்றுகளை ஒன்றைவிட ஒன்று குட்டையாக வெட்டி, ஒரு பேனா மூடியின் மேல் வளைத்து அடுக்காக ஒட்டுங்கள்.

7. சிலிண்டர்

ரேடியோ ஆன்டெனாவின் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்லும்படி செய்யப்பட்டவை. சிலிண்டருக்கும் பிஸ்டன் தண்டுக்கும் இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. தடித்த குழாயில் ஒரு துண்டு வெட்டி, மேலே காகிதம் சுற்றி வெளிவிட்டத்தை 11 மி.மீ. ஆக்குங்கள். உள்ளே செல்ல அடுத்த மெல்லிய குழாய். வெட்டுமுனைப் பிசிறுகளை உப்புத்தாளால் நீக்காவிட்டால் சிக்கும்.

சரிவுக்கு ஒரு முக்கோணம் தேவை. அட்டையில் அடி 50 மி.மீ., உயரம் 39 மி.மீ. என்று செங்கோண முக்கோணம் வெட்டினால் 38 பாகை கிடைத்துவிடும். அதைச் சட்டத்தின் மேல் நிறுத்தி, சிலிண்டரை அதன் சாய்வில் கிடத்தி, எபாக்சியால் பொருத்துங்கள். பின்னால் உயர்ந்தும் முன்னால் தாழ்ந்தும் இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் நேரான மூங்கில் குச்சி ஒன்றைச் சிலிண்டருக்குள் விட்டுப் பாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் குச்சி சக்கர அச்சின் மையத்தை நோக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் முளைக்கு நேராக வர வேண்டும்.

பிஸ்டன் தண்டின் முனையையும் முளையையும் ஒரு மெல்லிய பித்தளைப் பட்டை இணைக்கும். சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். தண்டு முழுதாக வெளியே வந்த நிலையிலும் குறைந்தது 5 மி.மீ. சிலிண்டருக்குள் இருக்க வேண்டும். முழுதாக உள்ளே போகும்போது பின்மூடியில் முட்டக் கூடாது. எங்காவது இறுகினால் தண்டை வளைக்காதீர்கள். சிலிண்டரின் திசைதான் பிசகியிருக்கும், அதைத் திருத்துங்கள்.

8. புகைபோக்கி, குழாய்கள், டெண்டர்

காகிதத்தைப் பென்சிலின் மேல் இறுக்கிச் சுற்றி வெள்ளைப் பசை தடவினால் கெட்டியான புகைபோக்கி கிடைக்கும். அதைப் பிடித்து நிறுத்தும் தாங்குகம்பிகளை மறக்காதீர்கள். சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் கொண்டுசெல்லும் குழாய்களும், அடுப்பையும் கொதிகலனையும் இணைக்கும் குழாய்களும் தாமிரக் கம்பியில் வரும். காயில் கம்பியின் மேல் அரக்குப் பூச்சு இருக்கும், தேய்த்து நீக்கிவிட்டு வளையுங்கள்.

டெண்டர் என்பது நான்கு சக்கரத் தட்டு வண்டியின் மேல் ஒரு மரப் பீப்பாய். பீப்பாயில் தண்ணீர், முன்னால் கற்கரி (கோக் எனப்படும் புகை குறைந்த எரிபொருள்). காகித உருளையின் நடுவில் இன்னும் சில சுற்றுகள் சுற்றி வயிறு வைத்து, மெல்லிய மரச்சீவல்களை வரிசையாக ஒட்டினால் பீப்பாய் தயார்.

9. வண்ணம்

போட்டி நாளில் ராக்கெட் மஞ்சளும் கறுப்பும், புகைபோக்கி மட்டும் வெள்ளை. சாம்பல் நிறப் பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் மஞ்சள் அழுக்காகவே தெரியும், வெள்ளைப் பிரைமர் வாங்குங்கள். பி.வி.சி. தெரியும் இடங்களை முதலில் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. மழைநாளில் ஸ்பிரே அடித்தால் பூச்சு வெளுத்துப் புகைபடிந்ததுபோல் ஆகிவிடும்.

பலரும் ஆசையாகச் செய்யும் கரி பூசும் வேலை இங்கே வேண்டாம். எஞ்சின் தன் புகையைத் தானே எரித்துவிட வேண்டும் என்பது போட்டியின் முதல் விதி. அதனால்தான் நிலக்கரிக்குப் பதில் கற்கரி எரித்தார்கள். அந்த வெள்ளைப் புகைபோக்கி வெள்ளையாகவே இருக்கட்டும், உச்சி விளிம்பில் மட்டும் சாம்பல் நிறம் ஒரு தொடுதல்.

10. நிறுத்தும் இடம்

இன்றைய தண்டவாளத்தின் மேல் நிறுத்தினால் தேர்ந்தெடுத்த நாள் கெட்டுவிடும். அந்தப் பாதையின் தண்டவாளம் 15 அடித் துண்டுகளாக, தாங்கிகளுக்கு இடையே அடிப்பக்கம் வயிறு புடைத்ததுபோல் வளைந்திருந்தது. பாதையின் பெரும்பகுதியில் குறுக்குக் கட்டைகள் கிடையாது. 3 அடிக்கு ஒன்றாகத் தனித்தனிக் கல் பாளங்கள் இருந்தன. நமக்கு 190 மி.மீ. நீளத் துண்டுகள், 38 மி.மீ. இடைவெளியில் கற்கள். 2 மி.மீ. அட்டையில் அந்த வளைவை வெட்டி இரட்டையாக ஒட்டுங்கள். தெர்மாகோல் சதுரங்களின் மேல் நீர்த்த வெள்ளைப் பசையும் மெல்லிய மணலும் தூவினால் கல் வந்துவிடும். இரண்டு தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு நடுவே 60 மி.மீ. விட்டு ஒட்டிய பிறகு, எஞ்சினை மேலே வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். பிஸ்டன்கள் ஒன்று முந்த ஒன்று பிந்த அசையத் தொடங்கும்.