குழந்தைக்குக் காய்ச்சல்: வீட்டில் என்ன செய்வது, எப்போது கிளம்புவது

வேலூர் வெயிலில் நெற்றி சுட்டாலே காய்ச்சல் என்று சொல்லிவிட முடியாது. கத்திரி நாளில் பைக்கில் காட்பாடி வரை போய்வந்த குழந்தையும் ஷீட் போட்ட வீட்டில் மதியம் தூங்கி எழுந்த குழந்தையும் தொட்டால் சுடத்தான் செய்யும். சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்து, காற்றாட அரை மணி நேரம் விட்டுப் பிறகு அளந்து பாருங்கள்.

அளப்பது

டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு, நுனியை நடு அக்குளில் தோலோடு ஒட்டி வைத்து, பீப் சத்தம் கேட்கும்வரை கையை மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். நுனி சட்டையில் பட்டால் அளவு குறைத்துக் காட்டும். அக்குளில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்தால் காய்ச்சல்தான். நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த அளவு வந்தால் வீட்டு வைத்தியமே கிடையாது. மருந்து எதுவும் கொடுக்காமல், தாய்ப்பாலை நிறுத்தாமல், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தையைப் பார்ப்பது

102 இருந்தும் ஓடி விளையாடி, கேட்டுத் தண்ணீர் குடிக்கும் குழந்தையைவிட, 100 இருந்து துவண்டு கிடக்கும் குழந்தைக்குத்தான் பயப்பட வேண்டும். அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50, 1 முதல் 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் வந்தால் வேகமான மூச்சு. அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்தின் அளவு

அதிகம் தப்பு நடக்கும் இடம் இதுதான். வீட்டில் கொடுக்கத் தகுந்தது பாராசிட்டமால் மட்டும். வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்: ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி.

ஆனால் பாராசிட்டமால் ஒரே பலத்தில் வருவதில்லை. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் அந்தக் குழந்தைக்கு 6 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது என்றால் 3 மி.லி. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், 1.5 மி.லி. போதும். "போன தடவை 6 மி.லி. கொடுத்தோமே" என்று சொட்டு மருந்திலிருந்து 6 மி.லி. எடுத்தால் நான்கு வேளை மருந்து ஒரே வாயில் போய்விடும். மிஞ்சினால் கல்லீரல் கெடும். ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம்.

இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம் விடுவது நல்லது. 4 மணி நேரத்துக்குக் குறையவே கூடாது. ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். சளி சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். மெஃபனமிக் அமிலமோ ஐபுபுரோஃபெனோ சேர்ந்ததை மெடிக்கலில் கேட்டு வாங்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்குட்பட்டோருக்கு 2011லேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

உடம்பைத் தணிப்பது, ஊட்டுவது

கம்பளியில் சுற்றாதீர்கள். மருந்து கொடுத்த பிறகும் அனத்தினால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துடைக்கலாம். ஐஸ் தண்ணீர் பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, நடுக்கம் வந்து, உள்சூடு ஏறும்.

கஞ்சி, இளநீர், மோர், ரசம் சாதம் எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக. 6 மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும். 1 வயதுக்குள் கஷாயத்தில் தேன் கலக்கக் கூடாது. 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையென்றால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இழுப்பு (வலிப்பு) வந்தால்

6 மாதம் முதல் 5 வயது வரை சிலருக்குக் காய்ச்சலோடு வரும். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவி திணிப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

3 நாளாகியும் விடவில்லையா?

வேலூர் பக்கம் இரண்டு காய்ச்சலை மனதில் வையுங்கள். மழைக்காலத்தில் டெங்கு. இதில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து தொடங்கும். அந்த ஓரிரு நாளில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது ஏதாவது தெரிந்தால் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்), மிகச் சிறிய உண்ணி கடித்து வருவது. குழந்தையை முழுசாக அவிழ்த்து, காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, பிட்டம் என்று தேடுங்கள். கடித்த இடத்தில் சிகரெட் சூடு பட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பொருக்கே இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். அதற்குரிய ஆன்டிபயாடிக்கை ஆரம்பத்திலேயே கொடுத்தால் நன்றாகக் கேட்கும். பாராசிட்டமால் சூட்டை மட்டும்தான் தணிக்கும்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி.யோ, பக்கத்துத் தெரு கிளினிக்கோ, எங்கே போனாலும் அந்தத் தாளையும் கொடுத்த மருந்துப் பாட்டில்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "சிவப்பு சிரப்" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது.