காட்டுக் கீரிகளின் மண்டையோட்டை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில் வாழும் குசிமான்சே கீரிகள் நான்கும் கிராஸார்க்கஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நீண்ட மூக்கும் பழுப்பு நிற உடலுமாக அவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், பிரித்தறிய மண்டையோட்டைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

பெரிய தவறு, வயதைப் பாராமல் அளப்பது. இளங்கீரியின் மண்டையோட்டில் எலும்புகள் ஒன்றோடொன்று முழுமையாக இணைந்திருப்பதில்லை. மூளைப்பேழை உருண்டையாகவும் முகப்பகுதி குட்டையாகவும் தெரியும். வளர வளரத் தாடைத் தசைகள் பற்றியிருக்கும் இடங்களில் எலும்பு முகடுகள் எழுந்து, முழு வடிவமே மாறிவிடும். ஒரு நாட்டிலிருந்து இளையவையும் மற்றொரு நாட்டிலிருந்து முதியவையும் அருங்காட்சியகத்திற்கு வந்திருந்தால், வயது வேறுபாட்டை நிலத்தின் வேறுபாடாக எண்ணி ஏமாறுவோம். நிலைப்பற்கள் முழுதும் முளைத்தவற்றை மட்டுமே, அதுவும் ஆண் பெண் எனப் பிரித்தே, ஒப்பிட வேண்டும்.

அளவை மட்டும் பார்த்துப் பல்லை மறப்பதும் தவறுதான். 1958இல் மண்டையோடுகளை மட்டும் கொண்டு விவரிக்கப்பட்ட லைபீரியக் கீரியைப் பெரிய குசிமான்சே என்று தள்ளிவிட முடியாது. குசிமான்சேக்குத் தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று முன்கடைவாய்ப் பற்கள் உண்டு. லைபீரியக் கீரிக்கோ நான்கு. எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இடைப்பட்ட நிலத்தை விட்டுவிட்டு இரு முனைகளை மட்டும் ஒப்பிடுவது இன்னொன்று. சியரா லியோன் முதல் கானா வரையுள்ள சாதாரணக் குசிமான்சேக்கும், நைஜீரியா, கேமரூன் பகுதியின் தட்டைத்தலைக் குசிமான்சேக்கும் நடுவே, புல்வெளி கடல்வரை இறங்கிக் காட்டைத் துண்டிக்கும் தகோமி இடைவெளி கிடக்கிறது. 1984இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட பின்னும், தட்டைத்தலையைச் சாதாரணக் குசிமான்சேயின் துணையினமாகவே கருதியவர்கள் இருக்கிறார்கள். இடைவெளியின் இரு ஓரங்களிலிருந்தும் மாதிரிகள் இல்லாமல், வேறுபாடு படிப்படியானதா திடீரென்றதா என்று சொல்வது ஊகமே.

இறுதியாக, மாதிரியோடு இணைத்திருக்கும் விவரச் சீட்டு. சேகரித்த இடம் 'காங்கோ' என்று மட்டும் எழுதப்பட்ட மண்டையோட்டைப் பரவல் வரைபடத்தில் புள்ளியாக வைக்கக் கூடாது. அங்கோலாக் குசிமான்சே காங்கோ ஆற்றுக்குத் தெற்கே வாழ்வது. எந்தக் கரையில் பிடிபட்டது என்று தெரியாதபோது, நாட்டின் பெயரால் பயனில்லை.