கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? சுவரிலிருந்து தொடங்குங்கள்

பட்டனை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை, சத்தமே இல்லை. இந்த நிலையில் கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் "போர்டு போயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் முன் கரண்ட் எது வரை வருகிறது என்று பார்த்திருக்க வேண்டும். சுவர், யுபிஎஸ், பவர் கார்டு, எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி), மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் போர்டு) என்று வழி ஒன்றுதான். எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள்.

ஃபேன் சுற்றி, விளக்கும் எரிந்து, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் அது வேறு கோளாறு. ரேமையும் மானிட்டர் கேபிளையும் பார்க்க வேண்டும். இங்கே சொல்வது டெஸ்க்டாப் பெட்டி அசையவே அசையாத நிலைக்கும், ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுவிடும் நிலைக்கும்தான்.

பிளக் பாயிண்டில் மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை நேரே சுவரில் கொடுங்கள். அப்போது ஓடினால் கோளாறு கழற்றி வைத்தவற்றில்தான். வீட்டில் பலரும் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது உயிரை விட்டுவிடும். பேட்டரி செத்தாலும் கரண்ட் இருக்கும்போது யுபிஎஸ் வழக்கம்போல வேலை செய்யும் என்று நினைப்போம். பல மாடல்கள் அப்படியில்லை, ஆன் ஆகவே மறுக்கும். அந்த ஒரு பேட்டரியை மாற்றினால் வேலை முடிந்தது.

அடுத்து பவர் கார்டு. மானிட்டருக்கும் பெரும்பாலும் அதே வகைக் கார்டுதான் வரும், மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பெட்டியின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். வீடு கூட்டும்போது பெட்டியை நகர்த்தி, அது ஆஃப் ஆகியிருப்பது சாதாரணமாக நடப்பதுதான். பழைய எஸ்எம்பிஎஸ்களில் பக்கத்திலேயே 115/230 என்று சிவப்பு சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் அதை 115-க்குத் தள்ளினால் எஸ்எம்பிஎஸ் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பின் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ஷார்ட் ஒன்றே கம்ப்யூட்டர் கிளம்பாமல் இருக்கப் போதும். பிறகு கார்டை உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு மறுபடி கொடுங்கள். இடி, மின்னல், கரண்ட் விட்டு விட்டு வருவது இவற்றுக்குப் பிறகு எஸ்எம்பிஎஸ் தன்னைப் பூட்டிக்கொள்வது உண்டு. தேங்கிய மின்சாரம் வடிந்தால்தான் பூட்டு விடும்.

இதற்கும் அசையவில்லை என்றால் பெட்டியைத் திறக்கலாம். கார்டை உருவிய பிறகுதான் திறக்க வேண்டும். முதலில் மூக்கை வைத்துப் பாருங்கள், கருகிய வாடை எஸ்எம்பிஎஸ் பக்கம் அடித்தால் பாதி வேலை முடிந்தது. எலி கடித்த ஒயர், போர்டில் செத்து ஒட்டிக்கிடக்கும் பல்லி, தலை உப்பிய கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் குட்டி உருளை), இவையெல்லாம் கண்ணுக்கே தெரியும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். கார்டை உருவிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும்.

போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரையும், பிராசசர் அருகே இருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் கழற்றி, கிளிக் சத்தம் கேட்கும்வரை மறுபடி அழுத்திச் செருகுங்கள். பிறகு கார்டைக் கொடுத்து, போர்டின் ஓரங்களில் சிறிய எல்இடி எரிகிறதா என்று பாருங்கள். எல்லாப் போர்டிலும் அது இருக்காது. இருந்து எரிந்தால், எஸ்எம்பிஎஸ் பாதி உயிரோடாவது இருக்கிறது என்று பொருள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஊகத்துக்கே வேலையில்லை, மூன்று ஒயர் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். 24 பின் கனெக்டர் போர்டில் செருகியபடியே இருக்கட்டும். கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரின் பின்பக்கத் துளையில் விட்டு, சிவப்பு முனையை ஊதா ஒயரில் வையுங்கள். கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதே அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும், 4.75-லிருந்து 5.25 வரை சரி. இல்லையென்றால் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. கழற்றியதும் 5 வோல்ட் வந்துவிட்டால், போர்டிலோ அதில் மாட்டியிருக்கும் ஏதோ ஒன்றிலோ ஷார்ட்.

ஊதா சரியென்றால் அடுத்தது பச்சை. ஆஃபில் இருக்கும்போது அதில் 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும். பவர் பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்துக்கு அருகே விழ வேண்டும். "ஆன் ஆகு" என்று போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்லும் விதம் அதுதான். பச்சை விழுந்தும் மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வரவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ். பச்சை விழவே இல்லை என்றால் பட்டனோ போர்டோதான். புது எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே வருகிறது. அப்படியானால் அதன் கையேட்டில் உள்ள பின் படத்தைப் பார்த்தே அளக்க வேண்டும், குத்துமதிப்பாக எண்ணக் கூடாது.

பட்டனைச் சோதிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் போர்டின் கீழ் ஓரத்தில் செருகியிருக்கும். பவர் சுவிட்ச் என்று பொடி எழுத்தில் போட்ட சொருகியை மட்டும் உருவிவிட்டு, அது இருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பக்கத்துப் பின்னில் படக் கூடாது. கிளம்பிவிட்டால் கேபினெட் பட்டன்தான் கெட்டிருக்கிறது. ரீசெட் பட்டனின் சொருகியை அந்த இடத்தில் மாட்டிவிட்டால் அதுவே பவர் பட்டனாக வேலை செய்யும், செலவே இல்லை.

மீட்டர் இல்லாதவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றி, பச்சையையும் ஒரு கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்து ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். கரண்ட் கொடுக்கும் முன்பே கிளிப்பைச் செருகிவிட வேண்டும். இந்தச் சோதனை பாதி உண்மைதான் சொல்லும். ஃபேன் சுற்றினாலும் லோடு ஏறும்போது 12 வோல்ட் படுத்துவிடலாம். சூடேறினால் மட்டும் ஃபேன் சுற்றும் மாடல்களில், நல்ல எஸ்எம்பிஎஸ்கூட அசையாமல் கிடக்கும்.

ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட். ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றின் இணைப்பையும் எடுத்துவிட்டு, பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம் மட்டும் வைத்துப் பாருங்கள். ஓடினால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான். ஒவ்வொரு முறையும் பவர் கார்டை உருவிய பிறகே கையை உள்ளே விடுங்கள். போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியைப் பலரும் முதலில் சந்தேகப்படுவார்கள். அது தீர்ந்தால் வழக்கமாகத் தேதிதான் மாறும், ஆன் ஆகாமல் போவது அபூர்வம்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 500 வாட் என்று போட்டுவிட்டு அங்கே 16 ஆம்பியர்தான் இருந்தால், உருப்படியாகக் கிடைப்பது 192 வாட். ஒயர்களைக் கழற்றி மாட்டும் வகையென்றால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைப் புதியதில் செருகக் கூடாது. சொருகி பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம். அப்படியிருந்தால் ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அந்த பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கேபினெட்டில் ஏறத்தாழ 115 வோல்ட் வரை நிற்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரி செய்த பிறகு புது எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டுங்கள்.

சோதனையெல்லாம் போர்டையே காட்டினால் கடைக்குக் கொண்டுபோவதுதான் வழி. போகும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பவர் கோளாறைச் சரி செய்ய அது தேவையே இல்லை. "ஃபார்மட் போட்டுத்தான் ஆகணும்" என்று சொல்ல யாருக்கும் வாய்ப்பும் இருக்காது.