குறை எண்ணுக்கு மூலம்: கை தவறும் இடங்கள்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மலையாள வழியில் படித்துவிட்டுப் பொள்ளாச்சி, கோவைக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு இங்கே கலைச்சொல் பெரிய தடை இல்லை. வர்க்கமூலமும் கனமூலமும் வாளையாற்றுக்கு இரு பக்கமும் ஒன்றுதான்; அங்கே ‘ந்யூன சங்க்ய’, இங்கே குறை எண். செய்யும் தவறுகளும் இரு பக்கமும் ஒன்றே.

∛−8இல் 8 இரட்டைப்படை, ஆகவே விடை கிடையாது என்று எழுதுவார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் எண்ணை அல்ல, மூலக்குறியின் தோளில் இருக்கும் சிறு எண்ணை. அது 3, ஒற்றைப்படை. (−2)(−2)(−2) = −8; விடை −2. √−4இல் எதுவும் எழுதாவிட்டாலும் அங்கே 2 இருக்கிறது. எந்த மெய்யெண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் குறை எண் வராது. எனவே மெய்யெண்களில் விடை இல்லை.

−√16 வேறு, √−16 வேறு. முன்னது −4, பின்னது மெய்யெண்ணே அல்ல. இதே குழப்பம்தான் −2⁴இலும்: அது −16, (−2)⁴ என்றால்தான் 16.

‘√9 = ±3’ என்பதும் தவறு. வர்க்கம் 9 ஆகும் எண்கள் இரண்டு. ஆனால் √ குறி கேட்பது குறையல்லாததை மட்டும். அதனால்தான் √((−5)²) = 5, ∛((−5)³) = −5.

கற்பனை எண் (√−1 கலந்த எண்) படித்த பிறகு வருவது இன்னும் பெரிய வழுக்கல். √−4 × √−9 = √36 = 6 என்று போடக் கூடாது. மூலங்களை ஒரே குறிக்குள் சேர்க்கும் விதி, உள்ளே இரண்டுமே குறை எண்ணாக இருந்தால் பொருந்தாது. முதலில் √−1ஐ வெளியே எடுங்கள்: 2√−1 × 3√−1 = 6 × (−1) = −6. அதேபோல் −16இன் நான்காம் மூலம் 2√−1 அல்ல. அதை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், +16 வந்து நிற்கும். சரியான மூலங்களில் ஒன்று √2 + √2·√−1. இரண்டு முறை வர்க்கப்படுத்தினால் முதலில் 4√−1, பிறகு −16.

பின்ன அடுக்கைச் சுருக்காமல் விடுவதும் ஆபத்து. (−8)இன் அடுக்கு 1/3 என்றால் −2. அதையே 2/6 என்று எழுதி, முதலில் வர்க்கம், பிறகு ஆறாம் மூலம் எடுத்தால் 64இன் ஆறாம் மூலம், +2!

பைத்தான் நிரல்மொழியில் அடைப்புக்குறி போட்டு (−8)க்கு 1/3 அடுக்கு கேட்டால் −2 வராது. ஏறத்தாழ 1 + 1.732√−1 வரும். அதுவும் −8இன் கனமூலம்தான், ஆனால் நாம் தேடிய மெய்யெண் அல்ல. மெய் விடை வேண்டுமானால் 8க்குக் கனமூலம் எடுத்துவிட்டுக் குறியை முன்னால் போட வேண்டும்.